நான்கு பெடல்கள் பிறந்த கதை

நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். வலது கையால் தொடையில் சீராக எட்டு முறை தட்டுங்கள். எட்டுக்கும் ஒரே இடைவெளி இருக்கட்டும். முதல் தட்டிலும் ஐந்தாவது தட்டிலும் வலது காலால் தரையை மிதியுங்கள். மூன்றாவதிலும் ஏழாவதிலும் இடது கையால் ஓங்கி ஓர் அடி. எட்டு முடிந்ததும் நிற்காமல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். முதலில் தடுமாறும், சிறிது நேரத்தில் பிடிபட்டுவிடும். ராக் பாட்டுகளில் பெரும்பாலானவை இந்த எட்டுத் தட்டின் மேல்தான் ஓடுகின்றன.

இப்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது அடியையும் ஏழாவது அடியையும் இடது காலிடம் கொடுங்கள். மற்றதெல்லாம் பழையபடியே.

நான் முதன்முதலாக முயன்ற அன்று, இடது கால் இறங்கும்போதெல்லாம் வலது காலும் கூடவே இறங்கியது. இரண்டு காலையும் கவனித்தால் வலது கை நின்றுபோனது. கை செய்து பழகிய வேலையைக் கால் ஏற்றுக்கொள்வதற்குள் உடம்பு முழுக்கக் குழம்பிவிடுகிறது. அன்றுதான் ரிக் ஆலன் என்ற மனிதர் என்ன செய்தார் என்பது எனக்கு உண்மையாகவே புரிந்தது. அதுவரை அது எனக்கு வெறும் செய்தி.

ரிக் ஆலன் இங்கிலாந்தின் டெஃப் லெப்பர்ட் ராக் குழுவின் டிரம்மர். 21 வயதில் இடது கையை இழந்தார். அதன் பிறகும் அதே குழுவில், அதே நாற்காலியில், இன்றுவரை வாசித்துக்கொண்டிருக்கிறார். அவருக்காக ஒரு டிரம்ஸ் செட் புதிதாகப் பிறந்தது. அது பிறந்த கதையைச் சொல்ல, டிரம்ஸ் செட் என்ற பொருளே பிறந்த கதையை முதலில் கொஞ்சம் தொட்டுவிட்டு வர வேண்டும்.

நம் ஊர்த் தவிலில் ஒரு கையில் குச்சி, மறு கை விரல்களில் கூடு. தாளத்தின் கனமும் நுணுக்கமும் அந்த இரண்டு கைகளுக்குள் முடிந்துவிடும். மேற்கத்திய டிரம்ஸில் கால்களுக்கும் வேலை உண்டு. ஆதியில் அப்படி இல்லை. ராணுவ அணிவகுப்பில் பெரிய முரசை ஒருவர் அடிப்பார், சின்ன முரசை இன்னொருவர் அடிப்பார், சிம்பலை மூன்றாமவர் மோதுவார். நாடகக் கொட்டகைகளிலும் நடன அரங்குகளிலும் மூன்று பேருக்கு இடமும் இல்லை, சம்பளம் கொடுக்கப் பணமும் இல்லை. அதனால் ஒரே ஆள் பெரிய முரசைப் பக்கத்தில் நிறுத்தி, குச்சியால் ஒருமுறை அதை அடித்துவிட்டு, அடுத்த கணம் சின்ன முரசுக்குத் திரும்புவார். பலர் காலால் மிதிக்கும் கருவிகளைச் செய்து பார்த்தார்கள். சிகாகோவில் வில்லியம் லட்விக் என்ற டிரம்மர் 1909-இல் வேகமாக மிதித்து வாசிக்கத்தக்க ஒரு பெடலைத் தன் சகோதரருடன் சேர்ந்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். பெரிய முரசு வலது காலுக்குப் போனது. 1920-களின் பிற்பகுதியில் ஹை-ஹாட் வந்தது. ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்த இரண்டு சிம்பல்களை இடது காலால் மிதித்து மூடித் திறக்கும் கருவி அது. ஆக, ஆள் போதாத இடத்தில் ஆளின் வேலையைக் காலுக்கு மாற்றியதால்தான் டிரம்ஸ் செட்டே உருவானது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரிக் ஆலனின் கதையில் இது திரும்ப வரும்.

ராக் இசை வந்தபோது நான்கு உறுப்புகளுக்கும் வேலை பிரிந்து முடிந்திருந்தது. வலது கை ஹை-ஹாட்டில் எட்டு எண்ணும். வலது கால் பெரிய முரசான பாஸ் டிரம்மை மிதிக்கும். இடது கால் ஹை-ஹாட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். இடது கை சின்ன முரசான ஸ்னேர் டிரம்மில் விழும். கூட்டம் கை தட்டுவது இந்த நான்காவது வேலையோடு சேர்ந்துதான். 'டம், டக், டம், டக்' என்பதில் 'டக்' வருவது அங்கேதான். ஒரு ராக் டிரம்மரிடமிருந்து எடுத்துவிடவே கூடாத ஒன்று எது என்று கேட்டால், நான் அந்த இடது கை அடியைத்தான் சொல்வேன்.

ரிக் ஆலன் 1963 நவம்பர் 1-ஆம் தேதி டெர்பிஷயர் மாவட்டத்தின் டிரான்ஃபீல்டில் பிறந்தார். பக்கத்துப் பெருநகரம் ஷெஃபீல்டு. உருக்கு, கத்தி, கரண்டி என்று உலோகத்தால் பிழைத்த ஊர். ஒன்பது வயதில் டிரம்ஸ் தட்டத் தொடங்கிய பையன், பதின்ம வயதிலேயே சில உள்ளூர்க் குழுக்களில் வாசித்துவிட்டான். 1977-இல் ஷெஃபீல்டில் சில இளைஞர்கள் சேர்ந்து ஒரு குழு தொடங்கியிருந்தார்கள். கரண்டித் தொழிற்சாலையின் ஓர் அறைதான் அவர்களுடைய ஒத்திகைக் கூடம். பாடகர் ஜோ எலியட் பள்ளி நாளிலேயே யோசித்து வைத்திருந்த பெயர் 'காது கேளாத சிறுத்தை' என்று பொருள்படும். எழுத்துகளை மட்டும் மாற்றி டெஃப் லெப்பர்ட் ஆக்கிக்கொண்டார்கள். 1978-இல் குழுவின் டிரம்மர் விலகிவிட, புது ஆள் தேடி விளம்பரம் வந்தது. அந்த விளம்பரத்துக்குப் பதில் போட்டவர் ரிக்கின் அம்மா.

பிள்ளை படிப்பைக் கெடுத்துக்கொள்வானோ என்று அஞ்சும் அம்மாக்கள்தான் இசைக்கலைஞர்களின் கதைகளில் அதிகம். இந்த அம்மா மகனுக்காகத் தானே விண்ணப்பித்தார். 1978 நவம்பரில் 15 வயது ரிக் குழுவில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு பள்ளியை விட்டார். தன் 16-ஆவது பிறந்தநாளன்று லண்டன் ஹேமர்ஸ்மித் ஓடியன் அரங்கில், ஏசி/டிசி குழுவுக்கு முன்னால் வாசிக்கும் குழுவின் டிரம்மராக உட்கார்ந்திருந்தார்.

அடுத்த சில ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். 1980-இலும் 1981-இலும் இரண்டு ஆல்பங்கள். பிறகு 1983 ஜனவரியில் 'பைரோமேனியா'. அமெரிக்கா அந்த ஆல்பத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. அமெரிக்கப் பட்டியலில் அது இரண்டாமிடம்வரை ஏறியது. முதலிடத்தில் மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' அசையாமல் உட்கார்ந்திருந்தது. இருபது வயது நிறையும் முன்பே ரிக் ஆலன் கையில் பணம், புகழ், வேகமான கார் எல்லாம் வந்து சேர்ந்தன. இதற்குள் குழு 'மட்' என்று செல்லமாக அழைக்கப்படும் தயாரிப்பாளர் ராபர்ட் ஜான் லாங்கின் கைக்கு வந்திருந்தது. அவர் பாட்டைத் துண்டு துண்டாகப் பதிந்து, ஒவ்வொரு துண்டையும் இழைத்து, பிறகு ஒட்டுபவர். டிரம்ஸ் ஒலியைக்கூடக் கணினியில் ஏற்றி, அங்கிருந்து எடுத்து அடுக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1984-இல் அடுத்த ஆல்பத்தின் வேலை தொடங்கியது. நெதர்லாந்தின் ஹில்வெர்சம் நகரில், விஸெலோர்ட் ஸ்டூடியோவில் பதிவு. ஆண்டு இறுதி விடுமுறைக்கு எல்லோரும் ஊர் திரும்பினார்கள்.

1984 டிசம்பர் 31. ஷெஃபீல்டுக்கு வெளியே மேடும் வளைவுமாகப் போகும் ஏ57 சாலை. ரிக் தன் கார்வெட் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு காரை முந்த முயன்றபோது வளைவில் பிடி தவறி, கார் கற்சுவரில் மோதி உருண்டது. அவர் வெளியே தூக்கி எறியப்பட்டார். இடது கை தோளோடு அறுந்து காருக்குள்ளேயே கிடந்தது. அருகில் இருந்த ஒரு செவிலியர் ஓடிவந்தார். கை பனிக்கட்டியில் வைக்கப்பட்டு, ஆளோடு மருத்துவமனைக்குப் போனது. அறுவை மருத்துவர்கள் கையைத் திரும்பப் பொருத்தினார்கள். சில நாட்களில் தொற்று ஏற்பட்டது. உயிரைக் காப்பாற்ற, பொருத்திய கையை மறுபடி எடுத்துவிட்டார்கள். வலது கையிலும் பலத்த காயம்.

விபத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை. அந்தக் காலத்துச் செய்தித்தாள்கள் வேண்டிய அளவு எழுதிவிட்டன. ரிக் ஆலன் என்றாலே அந்தக் கார், அந்தச் சுவர் என்று பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பேச வேண்டியது அதற்குப் பிறகு அந்தக் கட்டிலில் நடந்தது.

படுக்கையில் சரிந்து கீழே போகாமலிருக்க, அவருடைய காலடியில் ஒரு ஸ்பாஞ்சுக் கட்டை வைத்திருந்தார்கள். பாதங்கள் அதில் முட்டிக்கொண்டிருக்கும். படுத்தபடி பாட்டுக் கேட்கும்போது பாதங்கள் தானாகவே அந்த ஸ்பாஞ்சில் தட்டத் தொடங்கின. வலது கால் பாஸ் டிரம் அடித்தது, அது பழைய பழக்கம். ஸ்னேர் விழ வேண்டிய இடத்தில் இடது கால் தட்டியது. தட்டியது சரியான இடத்தில் விழுந்தது. தாளம் கையோடு போகவில்லை, உள்ளேயே இருக்கிறது என்று அந்தக் கட்டிலில்தான் அவருக்குத் தெரியவந்தது.

அந்தச் செட் பிறந்த இடம் என்று எதையாவது காட்டச் சொன்னால் நான் அந்த ஸ்பாஞ்சுக் கட்டையைத்தான் காட்டுவேன். போன கைக்குப் பதில் இன்னொரு கையை எப்படிக் கொண்டுவருவது என்று யோசித்திருந்தால் செயற்கைக் கை, அதில் குச்சி கட்டுவது என்று முயற்சி வேறு பக்கம் போயிருக்கும். ரிக் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு: அந்தக் கை என்ன வேலை செய்துகொண்டிருந்தது, இனி அதை யார் செய்வது? சிகாகோவில் லட்விக் தன் பெரிய முரசைப் பார்த்து 1909-இல் கேட்ட அதே கேள்வி.

கேள்வி பழையது என்றாலும் பதில் கிடைக்க 1985 ஆக வேண்டியிருந்தது. ஸ்னேர் டிரம்மின் மேல் தோல் வானத்தைப் பார்த்திருக்கும், அதன் இடம் இரண்டு தொடைகளுக்கு நடுவே. அதைக் காலால் அடிக்க வேண்டுமானால் கம்பியும் நெம்புகோலுமாக ஓர் எந்திரமே கட்ட வேண்டும். டாம் என்ற துணை டிரம்கள் இன்னும் உயரத்தில் இருக்கும். மரத்தாலும் தோலாலும் ஆன டிரம்ஸில் ஒலி எங்கே பிறக்கிறதோ அங்கேயே அடிக்க வேண்டும். விபத்து பத்தாண்டு முந்தி நடந்திருந்தால் ரிக் ஆலன் இந்தச் சுவரில்தான் முட்டிக்கொண்டிருப்பார்.

அந்தச் சுவரை இடித்தவர் டேவ் சிம்மன்ஸ். இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸில் அவர் நடத்திய நிறுவனம் 1981-இல் எஸ்டிஎஸ்-5 என்ற மின்னணு டிரம்ஸை வெளியிட்டது. எண்பதுகளின் பாட்டு வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு அந்த அறுகோணப் பலகைகள் நினைவிருக்கும். ஒவ்வொன்றுக்கும் பேட் என்று பெயர். பேடின் அடியில் அதிர்வை உணரும் சிறு வில்லை ஒட்டியிருக்கும். குச்சி பட்டதும் அது ஒரு மின்துடிப்பை வயர் வழியாக அனுப்பும். துடிப்பு வந்ததும் வயரின் மறுமுனையில் இருக்கும் மின்னணுப் பெட்டி ஒலியை எழுப்பும். அடி ஓரிடம், ஒலி வேறிடம். இரண்டுக்கும் நடுவே ஒரு வயர்தான்.

பலருக்கு இது நாகரிகம், புதுமை. பலகை கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, மணிக்கட்டு வலிக்கிறது என்று டிரம்மர்கள் முனகியதும் உண்டு. ரிக் ஆலனுக்கு அந்த வயர்தான் வழி. வயரின் ஒரு முனையில் ஸ்னேர் ஒலி இருந்தால் மறுமுனையில் என்ன இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பலகை இருக்கலாம், பெடலும் இருக்கலாம்.

மின்னணு வேலை தெரிந்த ஒரு ஷெஃபீல்டு நண்பர் மருத்துவமனைக்கே வந்து அவரோடு உட்கார்ந்து பேசி, முதல் மாதிரி பெடல்களைச் செய்து கொடுத்தார். சிம்மன்ஸ் நிறுவனமும் கைகொடுத்தது. உருவானது இப்படி: வலது காலுக்குப் பழையபடி பாஸ் டிரம். வலது கைக்கு முன்னால் சிம்பல்களும் பேட்களும். இடது காலுக்கு முன்னால் வரிசையாக நான்கு பெடல்கள். இடமிருந்து வலமாக முதல் பெடல் ஹை-ஹாட் மூடும் ஒலி தரும், இரண்டாவது பாஸ் டிரம், மூன்றாவது ஸ்னேர், நான்காவது டாம்.

இந்த வரிசையை ஒரு டிரம்மரின் கண்ணால் பார்த்தால் அதில் எவ்வளவு யோசனை இருக்கிறது என்று தெரியும். ஸ்னேரும் டாமும் இழந்த கையின் வேலை. ஹை-ஹாட் அந்தக் காலின் சொந்த வேலை. புது வேலை வந்ததால் அதைப் போட்டுவிட்டு வந்துவிட முடியாது, அதையும் கூடவே எடுத்துக்கொண்டு வர வேண்டும். இரண்டாவது பாஸ் டிரம்மைக் கவனியுங்கள். வேகமான இரட்டை அடி தேவைப்படும்போது இடது கால் வலது காலோடு சேர்ந்துகொள்ளலாம். ஒரு காலுக்கு நான்கு வேலை. கையாக இருந்தால் மணிக்கட்டைத் திருப்பினால் போதும். காலோ ஒரு பெடலிலிருந்து அடுத்ததற்கு நகர வேண்டும், அதுவும் நாற்காலியில் உட்கார்ந்தபடி, வலது காலின் தாளம் கெடாமல், குனிந்து பார்க்காமல்.

இன்னொரு சங்கடம் வெளியே தெரியாது. குச்சியால் தோலை அடித்தால் தோல் குச்சியைத் திருப்பி எறியும். டிரம்மர் பாதி வேலையைச் செய்தால் மீதிப் பாதியைத் தோல் செய்துகொடுக்கும். பாடகர் பாடும்போது மெல்லவும், கிட்டார் ஓங்கும்போது ஓங்கியும் அடிக்கக் கைக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். கால் கனமானது. அதற்கு அந்த நயம் கிடையாது, ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். டாம்களில் உருட்டிக்கொண்டு வரும் இடங்களில் வலது கை, இடது கை என்று மாறி மாறி விழுந்த அடிகள் இனி வலது கை, இடது கால் என்று மாறி மாறி விழ வேண்டும். கேட்பவனுக்கு வித்தியாசம் தெரியக் கூடாது.

இதற்கு நடுவே குழு என்ன செய்தது? ராக் உலகில் ஓர் ஆல்பம் தாமதமானாலே ஆளை மாற்றிவிடுவார்கள். 'பைரோமேனியா' விற்ற விற்பனைக்குப் பிறகு டெஃப் லெப்பர்ட் கேட்டிருந்தால் எத்தனையோ பேர் வரிசையில் நின்றிருப்பார்கள். அவர்கள் யாரையும் தேடவில்லை. வாசிப்பதா விலகுவதா என்பதை ரிக்கே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். மட் லாங்கும் மருத்துவமனைக்கு வந்து, உன்னால் முடியும் என்று தைரியம் சொன்னார். அவருடைய பதிவு முறையும் இங்கே கைகொடுத்தது. துண்டு துண்டாகக் கட்டப்பட்ட அந்த ஆல்பத்தில் டிரம்ஸ் ஒலி பெரும்பாலும் எந்திரத்தின் வழியாகத்தான் வந்தது. ரிக் நேரம் எடுத்துப் பழகலாம், பதிவு அதற்காக நிற்காது.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த மனிதர்கள் குழுவின் மற்ற நான்கு பேரும்தான். ஜோ எலியட், ரிக் சாவேஜ், ஸ்டீவ் கிளார்க், ஃபில் காலன். பரிதாபப்பட்டு ஒரு நண்பனை உட்கார வைத்துக்கொள்வது ஒன்று. 'நீ வாசிப்பாய், நாங்கள் காத்திருக்கிறோம்' என்பது வேறு. முன்னது அவமானமாகக்கூட முடிந்திருக்கும்.

ரிக் ஹில்வெர்சம் திரும்பி, ஸ்டூடியோவில் ஒரு தனி அறையில் செட்டை வைத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார். நாள்கணக்காக அந்த அறையிலிருந்து பேச்சில்லை. ஒருநாள் நண்பர்களைக் கூப்பிட்டார். அவர்கள் வந்து நின்றதும் லெட் செப்பலின் குழுவின் 'வென் தி லெவி பிரேக்ஸ்' பாட்டின் தொடக்கத் தாளத்தை வாசித்துக் காட்டினார். அந்தத் தேர்வைப் பாருங்கள். அந்தக் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹம் 1971 ஆல்பத்துக்காக ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் கூடத்தில் செட்டைப் போட்டு, மாடிப்படியின் உயரத்திலிருந்து மைக் தொங்கவிட்டுப் பதிந்த தாளம் அது. மெதுவானது, மிகக் கனமானது, ஒளிந்துகொள்ள இடமில்லாதது. ஓர் அடி தள்ளி விழுந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். வேகமான தாளம் ஒன்றை வாசித்துச் சின்னப் பிழைகளை மறைத்திருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கண் கலங்கினார்கள். டெஃப் லெப்பர்டுக்கு டிரம்மர் திரும்பக் கிடைத்துவிட்டார்.

ஸ்டூடியோ அறை வேறு, மேடை வேறு. 1986 ஆகஸ்டில் அயர்லாந்தின் சிறு ஊர்களில் சில நிகழ்ச்சிகள் ஏற்பாடாயின. எதற்கும் துணை இருக்கட்டும் என்று ஸ்டேட்டஸ் குவோ குழுவின் டிரம்மர் ஜெஃப் ரிச்சையும் கூட அழைத்துக்கொண்டார்கள். மேடையில் இரண்டு செட், இரண்டு டிரம்மர். ஜெஃப் தன் சொந்தக் குழுவின் நிகழ்ச்சிகளையும் பார்த்துக்கொண்டு ஓடி ஓடி வந்து வாசித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அவர் வந்து சேரத் தாமதமானது. கூட்டம் காத்திருந்தது. ரிக் தனியாகவே உட்கார்ந்து தொடங்கினார். ஜெஃப் வந்து சேர்ந்தபோது நிகழ்ச்சி பாதி முடிந்திருந்தது. கேட்டுப் பார்த்துவிட்டு, இனி நான் தேவையில்லை என்று அவரே சொல்லிவிட்டார். ஒரு கலைஞன் இன்னொரு கலைஞனுக்குத் தர முடிந்த மிக உயர்ந்த சான்றிதழ் அதுதான் என்று நினைக்கிறேன். அதில் அன்பும் இருந்தது, தொழில்காரரின் கண்டிப்பான காதும் இருந்தது.

1986 ஆகஸ்ட் 16, கேஸில் டானிங்டன், மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக் விழா. ஆஸி ஆஸ்போர்னும் ஸ்கார்ப்பியன்ஸும் பெரிய பெயர்களாக இருந்த பட்டியலில் டெஃப் லெப்பர்ட்டும் இருந்தது. நிகழ்ச்சியின் நடுவே ஜோ எலியட் டிரம்மரின் பெயரைச் சொன்னார். மைதானம் எழுப்பிய ஆரவாரம் அடங்க வெகுநேரம் ஆனது. ரிக் அழுதார் என்று சொல்வார்கள். அழுதுகொண்டே அடுத்த பாட்டைத் தொடங்கினார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஆல்பம் ஒருவழியாக 1987 ஆகஸ்ட் 3-ஆம் தேதி வந்தது. பெயர் 'ஹிஸ்டீரியா'. அந்தப் பெயரைச் சூட்டியவர் ரிக் ஆலன். தன் விபத்தையும் அதைச் சுற்றி உலகப் பத்திரிகைகள் போட்ட கூச்சலையும் நினைத்துத்தான் வைத்தார். அதிலிருந்து ஏழு பாட்டுகள் தனி இசைத்தட்டுகளாக வந்து புகழ் பெற்றன. 1988 அக்டோபரில் 'லவ் பைட்ஸ்' அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்துக்கு ஏறியது. அமெரிக்காவில் மட்டுமே ஆல்பம் ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்றது. அந்த ஆல்பத்துக்கான சுற்றுப்பயணத்தில் மேடையை அரங்கின் நட்டநடுவில் அமைத்தார்கள். நான்கு பக்கமும் ரசிகர்கள். வழக்கமான மேடையில் டிரம்மர் பின்னால் மறைந்திருப்பார். இங்கே மறைவதற்கு எந்தப் பக்கமும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் கட்டிலில் படுத்துப் பாதத்தால் ஸ்பாஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தவரின் இடது காலை, பின்னாலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள்.

பிறகு வந்ததெல்லாம் ஒரு நீண்ட தொழில் வாழ்க்கை. துக்கங்களும் உண்டு. 1991 ஜனவரியில் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் கிளார்க் இறந்தார். 1992-இல் 'அட்ரினலைஸ்' வந்தது. ரிக் தன் செட்டை அவ்வப்போது மாற்றிக்கொண்டே வந்தார். மின்னணுப் பேட்களோடு தோல் டிரம்களையும் சேர்த்தார். பெடல்களை இன்னும் நுணுக்கமாக்கினார். முதல் மாதிரியைப் புனிதப் பொருளாக வைத்துப் பூசை செய்யவில்லை. கருவி என்றால் மாற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும் என்பது வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

விபத்தின் உள்காயம் ஆறப் பல ஆண்டுகள் ஆனதை அவர் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். 2001-இல் மனைவியுடன் சேர்ந்து ரேவன் டிரம் அறக்கட்டளையைத் தொடங்கினார். போரிலிருந்து திரும்பிய வீரர்கள் உட்பட, மனம் உடைந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து முரசு தட்டுவதுதான் அங்கே வைத்தியம். தானும் அப்படி ஒரு கட்டிலில் தட்டித்தானே எழுந்தார்.

2019 மார்ச் 29-ஆம் தேதி புரூக்ளினில், ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் டெஃப் லெப்பர்டைச் சேர்த்தார்கள். குவீன் குழுவின் பிரையன் மே வரவேற்றுப் பேசினார். ஜோ எலியட் தன் உரையில் டிரம்மரின் கதையைச் சொன்னபோது அரங்கம் எழுந்து நின்றது. 2023 மார்ச்சில் ஃப்ளோரிடாவில் ஒரு ஹோட்டல் வாசலில் நின்றுகொண்டிருந்தவரை யாரோ ஓடிவந்து தள்ளிவிட, தலை தரையில் மோதி அடிபட்டது. இரண்டு மாதம் கழித்து மே மாதத்தில் ஷெஃபீல்டின் பிரமால் லேன் கால்பந்து மைதானத்தில், சொந்த ஊர்க்காரர்கள் முன்னால், செட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

கைகால் இழந்தவர்களைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதும்போது 'தன்னம்பிக்கை' என்ற ஒரு சொல்லை மாட்டிவிட்டு வேலையை முடித்துக்கொள்கிறோம். ரிக் ஆலனிடம் அது நிறையவே இருந்தது. கூடவே ஒரு ஸ்பாஞ்சுக் கட்டை இருந்தது, பெடல் செய்யத் தெரிந்த நண்பர் இருந்தார், செயின்ட் ஆல்பன்ஸில் ஒரு நிறுவனம் இருந்தது, அவசரப்படுத்தாத நான்கு நண்பர்கள் இருந்தார்கள். இத்தனையும் சேர்ந்துதான் அந்தச் செட். நம் ஊரிலும் விபத்தில் கை போன இசைக்கலைஞர்கள் இருக்கிறார்கள், தொழிலாளிகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாராட்டு மடல் எழுதும் முன், அந்தக் கை என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் வேண்டும்.

1988-இல் டென்வர் நகரில் படமாக்கப்பட்ட அந்த நடு அரங்க நிகழ்ச்சி 'லைவ்: இன் தி ரவுண்ட், இன் யுவர் ஃபேஸ்' என்ற பெயரில் வெளிவந்திருக்கிறது. பார்க்கக் கிடைத்தால் முதலில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கக் கேளுங்கள். பிறகு கண்ணைத் திறந்து அவருடைய இடது காலைப் பாருங்கள். இடமிருந்து மூன்றாவது பெடல்தான் ஸ்னேர்.